வழக்குரையும் குளிர்த்தியும்: மென்மர்மக் கதையைக் கல்லடியிலிருந்து வாசித்தல்

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் அப்போது இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். வாவியின் அடியிலிருந்து இரவில் இசை எழுகிறது என்ற பேச்சு அவர் காதில் முன்பே விழுந்திருந்தது. வந்த இடத்தில் அதை விசாரிக்கத் தொடங்கினார். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே இருந்த துறைக்கு மேலும் கீழும் சில இடங்களில் அந்தச் சத்தம் கேட்கும் என்றார்கள். நிலவு முழுமையை நெருங்கும் இரவுகளில் தெளிவாகக் கேட்கும் என்றார்கள். பாடுவது மீன் என்றார்கள். அவர் அத்தோடு நிற்கவில்லை. மீனவர்களை அழைத்துக் கேட்டார். தகப்பன்மார் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதிதான் என்ற அவர்கள், இரண்டு விடயங்களில் மற்றவர்களோடு முரண்பட்டார்கள். சத்தம் கோடையில் மட்டும் உண்டு, மாரி வெள்ளம் வாவிக்குள் இறங்கியதும் நின்றுவிடும். அது மீனுடையதும் அன்று, ஊரியுடையது.

அந்த ஊரிகளை எடுப்பித்துப் பார்த்துவிட்டு, நிலா எழுந்த பின் ரெனன்ற் அவர்களோடு தோணியேறினார். காற்றும் இல்லை, அலையும் இல்லை. குறித்த இடத்துக்கு வந்ததும் ஒலி கேட்டது. ஒரே சுரமாக நீளாமல், தனித்தனியான மெல்லிய ஒலிகள் பல, உச்சமும் மந்தமும் கலந்து வந்தன. தோணிப் பலகையில் காதை வைத்தபோது பெருத்தது. தோணி விலகியபோது மறைந்தது. திரும்பி வந்தபோது மறுபடியும் கேட்டது. ஆகவே ஒலிப்பது இடம்பெயராத ஒன்றாக இருக்கவேண்டும், மீனவர் சொல்வதே பொருந்துகிறது என்று எண்ணினார். கரையிலுள்ள பூச்சிகளின் இரைச்சல் நீர்மேல் பரவி வருகிறதோ என்ற ஐயத்தையும் எடுத்துப் பார்த்துத் தள்ளினார். 1859இல் வெளியான இலங்கை பற்றிய தம் நூலில் இவ்வளவையும் எழுதிவிட்டு, பாடுவது எது என்ற கேள்வியைத் திறந்தே விட்டார்.

முரண்படும் சாட்சிகள், நேரில் பார்த்த களம், கிடைத்ததையே கருவியாக்கிக் கொள்ளும் சாமர்த்தியம், மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கும் பொறுமை என்று துப்பறியும் கதையின் உறுப்புகள் யாவும் இந்தச் சில பக்கங்களில் இருக்கின்றன. எட்கார் அலன் போ தன் துப்பறிவாளன் டுப்பினை முதன்முதலில் எழுதியது 1841இல். ஷெர்லொக் ஹோம்ஸ் வந்தது 1887இல். இரண்டுக்கும் நடுவில், இரத்தமும் குற்றவாளியும் இல்லாத ஒரு விசாரணை எங்கள் வாவியில் நடந்திருக்கிறது. 1924இல் கல்லடிக்கும் நகரத்துக்கும் இடையே லேடி மன்னிங் பாலம் திறந்தபின், பாடும் மீனைத் தேடுவோர் பாலத்தடிக்கு வரத் தொடங்கினார்கள். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கமாயிற்று. கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தை அமைத்த சுவாமி விபுலாநந்தர் அந்த ஒலியை நீரரமகளிரின் பாட்டாக்கினார். 1950களில் இயேசு சபையின் லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்தார். விடை தேடியவர்களும் விடையைப் பொருட்படுத்தாதவர்களும் ஒரே புதிரைத் தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்துகொண்ட ஊர் இது.

ஆங்கிலத்தில் கோசி மிஸ்டரி என்று வழங்கும் கதைவகைக்கு இப்படி ஓர் ஊர்தான் வேண்டும். தமிழில் அதற்கு நிலைத்த பெயர் இல்லாததால் மென்மர்மக் கதை என்றே இங்கு எழுதுகிறேன். அதன் மரபுகள் பலருக்கும் தெரிந்தவை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூர். பொலிஸ்காரராக இல்லாத ஒருவர், பெரும்பாலும் வயது சென்ற ஒரு பெண், துப்பறிவார். கொலை நடக்கும், ஆனால் கண்முன் நடக்காது. உடலைச் சிதைத்துக் காட்டும் வருணனை இராது. கொன்றவருக்குக் காரணம் இருக்கும், அது சொத்து, பொறாமை, பழைய இரகசியம் போன்ற வீட்டுக் காரணமாக இருக்கும். துப்புகள் யாவும் வாசகர் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கும். கடைசியில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி உண்மை சொல்லப்படும். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இதற்குத் தாய். 1927இல் ஒரு சிறுகதையில் தோன்றி, 1930இல் நாவலுக்குள் வந்த அந்தக் கிழவி, சென்ற் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தை விட்டு அதிகம் நகராமலே மனித சுபாவத்தின் முழு வரைபடத்தையும் வைத்திருந்தாள். புதிதாக ஒருவரைக் கண்டால், ஊரில் இவரைப்போல் முன்பு நடந்துகொண்டவர் யார் என்று நினைத்துப் பார்ப்பாள். அவளுடைய முறை முழுவதும் அவ்வளவுதான்.

வாசகர் இதை ஏன் விரும்புகிறார்? வழக்கமான பதில், இது கவலையை மறக்கச் செய்யும் இலேசான பொழுதுபோக்கு என்பது. அந்தப் பதில் எனக்குப் போதாது. இந்த வகையின் பிறப்பைப் பார்த்தால் காரணம் தெரியும்.

கிறிஸ்டி தன் முதல் நாவலை எழுதியது 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவில். அப்போது அவர் டோர்க்கீ நகரின் போர்க்கால மருத்துவமனையில் தாதியாக இருந்து, பின் மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறியிருந்தார். கணவர் வான்படையில் இருந்தார். 1920இல் வெளிவந்த அந்த நாவலில் கதை சொல்லும் ஹேஸ்ரிங்ஸ், போர்முனையில் காயப்பட்டு ஓய்வுக்கு அனுப்பப்பட்ட படைவீரன். துப்பறியும் எர்க்யூல் புவாரோ, ஜேர்மன் படையெடுப்புக்குத் தப்பி வந்து, ஒரு சீமாட்டியின் தயவில் கிராமத்து வீடொன்றில் மற்ற பெல்ஜியர்களோடு ஒதுங்கியிருக்கும் அகதி. உலகின் மிகப் புகழ்பெற்ற துப்பறிவாளர்களில் ஒருவர் அகதியாகத்தான் கதைக்குள் நுழைந்தார் என்பதைத் தொலைக்காட்சித் தொடர்களின் பளபளப்பு மறக்கச் செய்துவிட்டது. அகதி முகாம் என்றால் என்னவென்று அறிந்த மட்டக்களப்பு வாசகர் அதை மறக்கக் கூடாது.

இங்கிலாந்தின் இலக்கிய வரலாற்றாசிரியர் அலிசன் லைற் 1991இல் எழுதிய நூலில், இரு போர்களுக்கு இடைப்பட்ட துப்பறியும் கதைகளை நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கான இலக்கியமாகப் பார்த்தார். போர்முனையில் இலட்சக்கணக்கானோர் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். அவர்களில் பலருக்குக் கல்லறையும் இல்லை, ஏன் இறந்தார்கள் என்று கேட்பாரும் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில், ஒரே ஒரு சாவுக்காக ஊர் முழுவதும் நின்றுபோகும் கதையை மக்கள் கேட்டு வாங்கிப் படித்தார்கள். அங்கே ஒரு தேநீர்க் கோப்பை எந்நேரம் கழுவப்பட்டது என்பதுகூட விசாரிக்கப்பட்டது. இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்பதும் பொருட்டாக இருக்கவில்லை. இந்த வகை மரணத்தை விளையாட்டாக்குகிறது என்று குறை சொல்பவர்கள் அதன் மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. ஓர் உயிர் போனால் அதற்கு விடை கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அதன் முதல் விதி.

குறை சொன்னவர்களில் வலிமையானவர் அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர். 1944இல் எழுதிய கட்டுரையில், பங்களாக்களில் நடக்கும் இந்த நாகரிகக் கொலைகளுக்கும் தெருவில் நடக்கும் உண்மைக் கொலைகளுக்கும் சம்பந்தமில்லை என்று வாதிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்துக் கவிஞர் டபிள்யூ. எச். ஓடன் இன்னொரு கோணத்தைத் திறந்தார். கதை நடக்கும் இடம் களங்கமற்ற நல்லிடமாகத் தோன்ற வேண்டும், அப்போதுதான் அங்கே கிடக்கும் பிணம் எல்லோரையும் குற்ற உணர்வில் ஆழ்த்தும். ஒருவர் கண்டுபிடிக்கப்படும்வரை அனைவரும் குற்றவாளிகளே என்றார் அவர். சாண்ட்லரின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் இந்த வகையின் உள்ளே இருக்கும் ஒழுக்கத்தைக் கண்டவர் ஓடன்தான்.

அந்த ஒழுக்கத்தின் ஓர் இழை எங்கள் பகுதிக்கு மிகவும் வேண்டியது. 1928இல் எஸ். எஸ். வான் டைன் வெளியிட்ட இருபது விதிகளில் ஒன்று, வேலைக்காரரைக் கொலையாளி ஆக்கக்கூடாது என்கிறது. அதற்கு அவர் சொன்ன காரணத்தில் வர்க்கத் திமிர் இருக்கிறது. ஆனாலும் விளைவு நியாயமானது: எளிதில் பழிபோடக் கூடியவன் மேல் பழி போடாதே, சந்தேகத்தை மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பக்கம் திருப்பு. மறு ஆண்டு கத்தோலிக்கக் குருவான ரொனால்ட் நொக்ஸ் வகுத்த பத்துக் கட்டளைகள் பேய் பிசாசுகளை விலக்கின. துப்பறிவாளர் கண்ட துப்பை வாசகரிடம் மறைக்கவும் தடை விதித்தன. வெளியாள், பேய், மறைக்கப்பட்ட செய்தி ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது நாமும் நம் அயலவரும்தான்.

2011 ஓகஸ்ட் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். கிறீஸ் பூதம், மர்ம மனிதன் என்று பத்திரிகைகள் எழுதிய அந்தப் பயம் கிழக்கு மாகாணம் முழுவதும் பரவியிருந்தது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்கும் உருவங்கள் பற்றிய செய்திகளால் இளைஞர்கள் இரவிரவாகக் காவல் நின்றார்கள். பாதுகாப்புப் படையினரோடு மோதல்கள் நடந்தன. வழிப்போக்கர்கள் பிடித்து அடிக்கப்பட்டார்கள். முப்பது ஆண்டுகள் போரில் வாழ்ந்த மக்களின் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விதிகள் விலக்கிய மூன்றும் அந்த மாதத்தில் ஒன்றாகக் கூடியிருந்தன. யார், எங்கே, எத்தனை மணிக்கு, நேரில் கண்டவர் யார் என்று நிதானமாகக் கேட்கும் ஒரு குரல் ஊரில் ஓங்கியிருந்தால் எத்தனை பேர் அடிபடாமல் தப்பியிருப்பார்கள்! தமிழரும் முஸ்லிம்களும் ஓர் ஊர்விட்டு ஓர் ஊர் என்று அடுத்தடுத்து வாழும் இந்தக் கரையில், அடுத்த ஊரான்தான் செய்திருப்பான் என்ற வதந்தி உயிர்களைக் குடித்திருக்கிறது. குற்றவாளி நம் முற்றத்திலேயே இருக்கலாம் என்று வற்புறுத்தும் கதைவடிவம் இங்கே எழுதப்பட வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இது முதற் காரணம்.

தமிழில் அது ஏன் வேர்விடவில்லை? துப்பறியும் கதை தமிழுக்குத் தாமதமாக வந்ததன்று. பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற பொலிஸ் நிபுணனை 1894இலேயே எழுதிவிட்டார். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் வந்தது; ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தொடர்ந்தார்கள். மென்மர்மத்துக்கு மிக அருகில் வந்தவர் தேவன். 1942இல் ஆனந்த விகடனில் அவர் தொடங்கிய துப்பறியும் சாம்புவில் வீட்டுக்கூடம் உண்டு, மனைவி வேம்புவின் பெருமிதம் உண்டு, அபாயமில்லாத சிரிப்பு உண்டு. ஆனால் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த சாம்பு அதிர்ஷ்டத்தால் வெல்கிறவர். அவர் தடுக்கி விழும் இடத்தில் திருடன் அகப்படுவான். கேட்டறிந்து கண்டுபிடிக்கும் இன்பத்தைத் தேவன் தம் சாம்புவிடம் கொடுக்கவில்லை. நீதிமன்ற விசாரணையை நுணுக்கமாகத் தொடரும் அவருடைய ஜஸ்டிஸ் ஜகந்நாதனில்தான் அந்த இன்பம் இருக்கிறது. இரண்டும் ஒரே நூலில் சேர்ந்திருந்தால் தமிழ் மென்மர்மக் கதை அன்றே பிறந்திருக்கும்.

பிறகு வந்த துப்பறிவாளர்கள் நகரத்துத் தொழில்வாணர்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்து யோசிப்பவர், கண்ணியமானவர், ஆனால் நாடு நாடாகப் பறப்பவர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா இருவரும் துப்பறியும் நிறுவனம் வைத்திருந்தார்கள். சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் அப்படியே. கிராமத்து மர்மம் வேறு வழியில் போயிற்று. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளிலும், அவற்றிலிருந்து 1990களில் நாகா இயக்கிய மர்மதேசம் தொடரிலும் கிராமம் முழு உயிரோடு வருகிறது. ஆனால் அங்கே குற்றத்தைத் தண்டிக்க முதலில் நினைவுக்கு வருவது கருப்பசாமி. மர்மதேசத்தின் விடாது கருப்பில் கடைசியில் மனோதத்துவ விளக்கம் வந்தாலும், அத்தொடரை நினைவில் வைத்திருப்போர் நினைப்பது வெள்ளைக் குதிரையைத்தான். தமிழ்க் கிராமத்தில் விசாரணை அதிகாரி தெய்வம் என்பதை வாசகரும் எழுத்தாளரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று இதைப் படிக்கிறேன்.

ஈழத்தில் நிலைமை இன்னும் மெலிந்தது. 1970களில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது வீரகேசரி நிறுவனம் உள்ளூர் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. அது ஒரு வாய்ப்பு. ஆனால் கைலாசபதி, சிவத்தம்பி வழிவந்த விமர்சனம் யதார்த்தத்தையும் சமூக மாற்றத்தையும் முன்னிறுத்தியதால், துப்பறியும் கதை வணிக எழுத்தென்று ஒதுங்கி நின்றது. அந்த விமர்சனத்துக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது; இந்த ஒரு விடயத்தில் அது கதவைச் சீக்கிரம் சாத்திவிட்டது. பின்னர் வந்த போர், வேறெதையும் எழுத இடம் வைக்கவில்லை.

ஆயினும் மட்டக்களப்பில் ஒரு கொலை வழக்கு ஆண்டுதோறும் பாடப்படுகிறது. வைகாசி பிறந்ததும் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறக்கும். ஆண்டில் அந்தச் சில நாட்கள் மட்டுமே திறக்கும் கோயில்களும் உண்டு. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று கரைநெடுகச் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை என்ற நூலை நாள்தோறும் காதை காதையாகப் படிப்பார்கள். ஏட்டுச் சுவடிகளில் இருந்த அந்நூலை 1968இல் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்தார்.

அதன் கதையைத் துப்பறியும் கண்ணோடு பாருங்கள். ஒரு சிலம்பு காணாமற் போகிறது. திருடியவன் அரண்மனைக்கு வேண்டிய தட்டான், அதாவது உள்ளே இருப்பவன். அகப்படுபவன் ஊருக்குப் புதியவனான கோவலன். தட்டான் வாய்ச்சொல் ஒன்றே சாட்சியாக, விசாரணையின்றி அவன் வெட்டப்படுகிறான். பிறகு அவன் மனைவி வருகிறாள். அவள் அழுதபடி வந்தாலும் சபையில் முன்வைப்பது கண்ணீரை அன்று, சான்றை. அரசியின் சிலம்பின் பரல் முத்து. தன் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள். எல்லோர் முன்னிலையிலும், ஒரே ஒரு பொருளால், பொய் விழுகிறது. கிறிஸ்டியின் கடைசி அத்தியாயங்களில் மண்டபத்தில் கூட்டி வைத்து உண்மையைச் சொல்லும் காட்சியை முதன்முறை படிக்கும் மட்டக்களப்பு வாசகருக்கு அது அந்நியமாக இருக்காது. வெளியூரான்மேல் விழுந்த பழியும், உள்ளே இருந்த கள்ளனும் அவருக்குத் தெரிந்த கதை.

மதுரை எரிகிறது. எந்த மென்மர்மக் கதையிலும் நகரம் எரிவதில்லை. ஆனால் எங்கள் சடங்கு எரிந்ததோடு முடிவதில்லை. வழக்குரையின் இறுதியில் குளிர்ச்சிக் காதை வருகிறது. சடங்கின் கடைசி இரவில் திருக்குளிர்த்தி நடக்கிறது. பூசகரான கட்டாடியார் குளிர்த்திப் பாடலோடு நீர் தெளிக்க, சனம் அம்மன் தணிந்ததைக் கண்டு மழைக்கும் நோயற்ற வாழ்வுக்கும் கைகூப்பி நிற்கிறது. இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் கொலைக்களக் காதை, பிறகு வழக்குரை, அதன் பிறகே குளிர்த்தி. இந்தச் சடங்கில் வழக்குரைக்காமல் குளிர வைப்பதில்லை. மென்மர்மக் கதையின் ஆறுதலும் அதே வரிசையில் கிடைப்பதுதான். கடைசிப் பக்கத்தில் ஊர் மறுபடியும் தேத்தண்ணி குடிக்கிறது, தோட்டத்தில் பூப்பறிக்கிறது என்றால், அதற்கு முந்திய பக்கத்தில் யாரும் கேட்க விரும்பாத உண்மை உரக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பூவை மட்டும் கொடுக்கும் நூல்களும் இன்று நிறைய வருகின்றன. பேக்கரி, பூனை, பின்னல் வேலை என்று அட்டைப்படமே கதையாகிவிட்டவை. அவை என்னைத் தொடவில்லை.

கல்லடிப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் போனால் புளியந்தீவு வரும். அங்கே புனித மரியாள் பேராலயத்தில் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். நத்தார் இரவு, மூடிய மண்டபம், நூற்றுக்கணக்கான சாட்சிகள். ஒரு துப்பறியும் நாவலாசிரியர் இப்படிக் களம் அமைத்தால் விடை கிடைத்தே தீரும். நிசத்தில், 2021 ஜனவரியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. குளிர்த்தி இல்லாத வழக்குகள் இவை. வழக்குரையே முடியாதவை.

இலங்கையின் ஆங்கில நாவலாசிரியர்கள் இந்த இடத்தில் துப்பறியும் வடிவத்தைக் கையிலெடுத்திருக்கிறார்கள். மைக்கேல் ஒண்டாச்சியின் அனில்ஸ் கோஸ்ற் நாவலில் பெயரற்ற ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடுகிறாள் தடயவியல் நிபுணரான பெண். 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் நாவலில், தன்னைக் கொன்றவர் யார் என்று இறந்தவனே தேடுகிறான். இரண்டும் மென்மையான கதைகள் அல்ல. ஆனால், ஒரு சாவையேனும் முழுமையாகக் கேட்டு முடிப்பது என்ற விதியை இரண்டுமே நம்புகின்றன. அந்தப் பெருந்துயரங்களை மென்மர்மக் கதையாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது அவமதிப்பாகிவிடும். அவை சூழ்ந்திருக்கும் ஊரில், சிறியதொரு குற்றத்தை எடுத்துக் கடைசிவரை கேட்டு முடிக்கும் கதைக்கு இடமுண்டு.

களம் தயாராகவே இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலான நிலம். நகரத்துக்குப் போக ஒரு பாலம். 2013இல் புதிய பாலம் பக்கத்தில் வந்தபோதும், யார் எப்போது கடந்தார் என்பது யாரேனும் ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். துப்பறியும் கிழவியும் தயார். மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அருகிலேயே இன்னொன்று கட்டி அடுத்தவளுக்காகக் குடிபெயர்வார்கள். இதை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் எழுத்துகளில் விரிவாகக் காணலாம். ஆகவே தாயும் மகள்மாரும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் ஆயுள் முழுவதும் இருக்கிறார்கள். திருமணத்தால் வந்து சேர்பவர்கள் ஆண்கள். மூன்று தலைமுறை இரகசியங்களும் பெண்களிடம் இருக்கும். படலையைத் திறந்து வந்து குந்தியிருந்து, "மறுகா என்னகா நடந்த?" என்று கேட்கும் ஓர் ஆச்சிக்கு முன் எந்தப் பொய்யும் அதிக நேரம் நிற்காது.

குற்றத்துக்கும் பஞ்சமில்லை. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் கல்லடிக்குள் வந்தபோது மனிதரோடு காணி உறுதிகளும் போயின. எல்லைக் கற்கள் மறைந்தன. உறுதி இல்லாத காணிக்கு யார் உரிமையாளர் என்பதில் அண்ணன் தம்பி, மச்சான் மைத்துனர் இடையே எத்தனை மௌனங்கள் இருக்கக்கூடும் என்பதை இந்தக் கரையில் வாழ்பவர் அறிவார். பழைய உறுதியொன்று பல வருடம் கழித்து ஒரு பெட்டிக்குள் அகப்படுவதும், அதில் இருக்கும் கையெழுத்து இறந்தவரின் கையெழுத்தாக இல்லாதிருப்பதும் ஒரு நாவலுக்குப் போதும்.

கடினமான இடம் முடிவுதான். சென்ற் மேரி மீட்டில் உண்மை தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார். சட்டம் தன் வேலையைச் செய்யும் என்று வாசகர் நம்புவார். கல்லடி வாசகரிடம் அந்த நம்பிக்கையைக் கேட்டு வாங்க முடியாது. வழக்குரைக்கச் சபை வேண்டும், கேட்க ஆள் வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளை நான் நினைக்கிறேன். சிறு கடன், எல்லைத் தகராறு, அயல்வீட்டுச் சண்டை ஆகியவற்றோடு சனம் அங்கே வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்ற ஊர்ப் பெரியவர்கள் சம்பளமின்றி உட்கார்ந்து இரு தரப்பையும் பேச வைக்கிறார்கள். எங்கள் ஆச்சி ஒரு காலத்தில் கணிதம் படிப்பித்தவராக இருந்து, இப்போது அந்தச் சபையில் ஒருவராக இருக்கட்டும். முதல் அத்தியாயத்தில் வேலித் தகராறாக வரும் வழக்கு அவருக்கு ஒரு சாவை ஞாபகப்படுத்தட்டும். காணியின் ஒரு பக்கத்து எல்லைக்காரர் காத்தான்குடி வியாபாரியாக இருக்கட்டும். ஊர் அவரைத்தான் முதலில் சந்தேகிக்கும். இதை எழுத நினைக்கும் இளம் எழுத்தாளர், கிறிஸ்டியின் அடுத்த நூலை எடுப்பதற்கு முன் அப்படியொரு சபை கூடும் மண்டபத்தின் பின்வாங்கில், அனுமதி கேட்டு ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தால், சாட்சிகள் எப்படி முரண்படுகிறார்கள் என்பதைக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.